இரவு வாட்டில் இரண்டு மிஸ்மார்

மலையில் ஆள் குறைந்தால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. ஏழெட்டு நாளில் திரும்ப எடுக்க வேண்டிய மலை பன்னிரண்டு நாள், பதினைந்து நாள் என்று கிடக்கும். கொழுந்து முற்றிவிடும். துரை கங்காணியை ஏசுவார், கங்காணி நம்மை ஏசுவார். ஆள் போதாது என்பதை மட்டும் ஒருவரும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். கண்டியிலும் அதைச் சுற்றியும் உள்ள அரச ஆஸ்பத்திரி வாட்டுகளில் இப்போது நடப்பதும் இதுதான். ஆனால் முற்றிய கொழுந்தை உடைத்து வீசிவிட்டு அடுத்த ரவுண்டில் நல்ல கொழுந்து எடுக்கலாம். வாட்டில் அடுத்த ரவுண்டு கிடையாது.

சென்ற மழைக்காலத்தில் ஓரிரவு என்னிடம் படிக்கும் பிள்ளை ஒன்றின் அம்மாயிக்குத் துணையாகப் பெண்கள் வாட்டில் இருந்தேன். எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே வேண்டாம். பிள்ளையின் தாய் கொழும்பில் வீட்டு வேலை. தோட்ட டிஸ்பென்சரி பின்னேரமே பூட்டியாகிவிட்டது. அம்மாயிக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியதும் 1990க்கு அடித்து, அம்பியூலன்ஸ் வர முடிந்த சந்தி வரைக்கும் லயத்துப் பையன்கள் கதிரையில் வைத்துத் தூக்கி வந்தார்கள். வாட்டில் கட்டில் நிறைந்து, தரையில் பாய் போட்டும் படுத்திருந்தார்கள். வகுப்பில் தலை எண்ணுகிற பழக்கம், எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தாறு பேர். அவர்களுக்கு இரண்டு மிஸ்மாரும் பயிற்சிக்கு வந்த ஒரு பிள்ளையும்.

பதினொரு மணியிலிருந்து விடிய ஐந்து மணி வரைக்கும் அந்த இருவரில் ஒருவர்கூட உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. ஒருவருக்கு சேலைன் முடிந்து இரத்தம் குழாயில் ஏறியது. பக்கத்துக் கட்டில் அக்காதான் எழுந்துபோய்க் கூப்பிட்டார். நடுச்சாமத்தில் மிஸ் ஒருவர் எனக்குச் சிங்களம் வரும் என்று கண்டு, நான்கு நோயாளிகளிடம் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அதில் ஒருவர் புசல்லாவைப் பக்கத்துத் தோட்டத்துக்காரி. வந்ததிலிருந்து கையைக் காட்டிக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார், ஊசிக்குப் பயப்படுகிறார் என்று நினைத்து விட்டுவிட்டார்கள். அவர் சொன்னது, முன்பு ஒருமுறை ஓர் ஊசி போட்டு உடம்பெல்லாம் தடித்து முகம் வீங்கியது, இதுவும் அதுவா என்று கேட்டுப் போடுங்கள் என்பதுதான். நான் அதைச் சிங்களத்தில் சொன்னபோது அந்த மிஸ் ஒரு நிமிடம் அப்படியே நின்றார். பிறகு கட்டில் அட்டையில் சிவப்புப் பேனையால் எழுதிவிட்டு, வைத்தியரைக் கூப்பிடப் போனார்.

அவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. இரவு ஏழு மணிக்கு வந்தவர் காலை ஏழுக்குப் போக வேண்டும். காலை முறைக்கு ஆள் வரவில்லை, ஒரு மணி வரைக்கும் நிற்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று அவர் வீட்டுக்குப் போனில் சொன்னது என் காதில் விழுந்தது. பதினெட்டு மணித்தியாலம். பதினெட்டு மணித்தியாலம் நின்ற ஒருவரின் கையால்தான் அந்த முற்பகல் மருந்தெல்லாம் போயிருக்கும்.

இது அவர் ஒருவரின் கதையென்றால் தலையங்கம் எழுதத் தேவையில்லை. 2022 நெருக்கடி நம்மையெல்லாம் மண்ணெண்ணெய் வரிசையில் நிறுத்தியபோது ஆஸ்பத்திரிகளும் காலியாகத் தொடங்கின. அந்த ஆண்டு மார்ச் கடைசியில் பேராதனை போதனா வைத்தியசாலையில் மருந்தில்லாமல் வழமையான சத்திரசிகிச்சைகளை நிறுத்தினார்கள். டொலர் வரட்டும் என்று அரசாங்கம் அரச ஊழியர்களுக்கு ஐந்து வருடம் வரை சம்பளமில்லாத லீவு கொடுத்து வெளிநாட்டில் வேலை செய்யலாம் என்றது. தாதியர் போனார்கள். போனவர்களைக் குறை சொல்ல நமக்கு வாய் இல்லை. நம் வீட்டுப் பெண்கள் குவைத்துக்கும் சவூதிக்கும் போனதும் இதே அடுப்பு எரியத்தான். 2020ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் சொன்ன கணக்கின்படி உலகத்தில் 59 இலட்சம் தாதியர் குறைவு. வசதியான நாடுகள் அந்தக் குழியை நம்மைப் போன்ற நாடுகளிலிருந்து எடுத்து மூடுகின்றன.

2023 ஜூலையில் அதே பேராதனை வைத்தியசாலையில் 21 வயதுப் பெண்ணொருவர் நுண்ணுயிர்க்கொல்லி ஊசி ஏற்றிய பின் இறந்துபோனதை எல்லோரும் அறிவோம். அதற்கு யார் பொறுப்பு, எது காரணம் என்று தீர்ப்புச் சொல்ல நாம் நீதவான்கள் இல்லை. அதன் பிறகு தோட்டங்களில் நடந்ததைச் சொல்லலாம். ஊசி என்றாலே வேண்டாம் என்றார்கள். துணைக்குப் போனவர்கள் மிஸ்மாரை முறைத்தார்கள், சத்தம் போட்டார்கள். சத்தம் போட்டவர்களில் நம் சங்கத்து ஆட்களும் உண்டு. எதிரே நிற்பவர் ஒருவர்தான், ஆகவே எல்லா ஏச்சும் அவருக்கு. வராத மற்ற மூன்று பேரை ஏச நமக்கு வழி தெரியவில்லை.

ஆள் குறைந்தால் உயிர் போகும் என்பதை ஆராய்ச்சியாளர்களும் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். ஐரோப்பாவில் ஒன்பது நாடுகளில் 300 ஆஸ்பத்திரிகள், சத்திரசிகிச்சை செய்துகொண்ட நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள் என்று திரட்டி 2014இல் வெளியிட்ட ஆய்வு அது. ஒரு தாதியின் பொறுப்பில் இன்னும் ஒரே ஒரு நோயாளியைக் கூட்டினால், முப்பது நாளுக்குள் சாகும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது. ஒன்றைக் கூட்டியதற்கே இப்படி. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் தாதியர் சங்கங்கள் போராடி 1999இல் சட்டமே கொண்டுவந்து, 2004 முதல் ஒரு தாதிக்கு இத்தனை நோயாளிக்கு மேல் கூடாது என்று வரையறுத்தார்கள். சாதாரண வாட்டில் அது ஐந்து பேர் வரை. நான் எண்ணியது இரண்டு பேருக்கு நாற்பத்தாறு.

நமக்கு இந்தக் கணக்கு புதிதில்லை. இத்தனை கிலோ எடுத்தால் பேர், குறைந்தால் அரைப்பேர் என்று கம்பனி நம் தலையில் ஓர் எண்ணைக் கட்டியிருக்கிறது. அந்த எண்ணுக்காக எத்தனை கூட்டு ஒப்பந்தப் பேச்சுவார்த்தை, எத்தனை வேலைநிறுத்தம். தாதியருக்கும் ஓர் எண் வேண்டும். நம்முடைய எண் நாம் எவ்வளவு எடுக்க வேண்டும் என்று சொல்கிறது. அவர்களுடைய எண் அவர்கள் மேல் எவ்வளவுக்கு மேல் சுமத்தக் கூடாது என்று சொல்ல வேண்டும்.

இங்கே தாதியர் சங்கங்களிடமும் ஒரு வார்த்தை பேச வேண்டியிருக்கிறது. தொழிற்சங்கக்காரர் இன்னொரு தொழிற்சங்கத்தின் வேலைநிறுத்தத்தைக் குறை சொல்வது நல்லதில்லை என்று தெரிந்தே சொல்கிறேன். 2024 பெப்ரவரியில் வைத்தியர்களுக்குக் கூட்டிய 35,000 ரூபாய் கொடுப்பனவு தமக்கும் வேண்டும் என்று சுகாதாரத் துறைச் சங்கங்கள் வேலைநிறுத்தம் செய்தன. ஆஸ்பத்திரிகளுக்கு இராணுவத்தை அனுப்பினார்கள். கிளினிக் கொப்பியைப் பையில் போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸில் கண்டிக்குப் போன நம் ஆட்கள் அரைநாள் நின்றுவிட்டு வெறுங்கையோடு வந்தார்கள், அன்றைய பேரும் போனது. 2025 மார்ச்சில் திரும்பவும் போராட்டம். அடிப்படைச் சம்பளத்தைக் கூட்டிய வரவு செலவுத் திட்டம் மேலதிக நேர, விடுமுறை நாள் கொடுப்பனவைக் குறைத்துவிட்டது என்பது அவர்கள் முறைப்பாடு. நியாயமான முறைப்பாடுதான். ஆள் பற்றாக்குறையைத்தான் மேலதிக நேரம் என்ற பெயரில் அந்தப் பெண்கள் தங்கள் உடம்பால் ஈடுகட்டுகிறார்கள், அதற்குரிய காசையும் வெட்டினால் யாருக்குத்தான் பொறுக்கும்?

ஆனால் கொடுப்பனவு முன்னால் நின்று ஆள் எண்ணிக்கை பின்னால் போகும்போது, மலையிலிருந்து பார்ப்பவனுக்கு அது அவர்கள் காசுச் சண்டையாகத் தெரிகிறது. கோரிக்கைத் துண்டின் முதல் வரியில் ஒரு வாட்டுக்கு எத்தனை தாதியர் என்று எழுதட்டும். அந்த வரிக்காக நம் தோட்டங்களிலிருந்து லொறியில் ஆள் ஏற்றிக் கண்டி டவுனுக்கு வர நான் பொறுப்பு.

இரவு முறையின் பயம் இன்னொன்று. 2025 மார்ச்சில் அனுராதபுரம் போதனா வைத்தியசாலையில் கடமை முடித்துத் தங்குமிடத்துக்குப் போன பெண் வைத்தியர் பாலியல் வன்முறைக்கு ஆளானார். வைத்தியருக்கே அந்தக் கதி. இருட்டில் பஸ் ஏறி இறங்கி வரும் தாதிமாரும், துப்புரவு வேலைக்கு வரும் நம் பெண்களும் அந்தச் செய்தியை எப்படிப் படித்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். இருட்டு வாசல், காவலாளி இல்லாத நடைபாதை எல்லாம் ஆள் குறைவின் பிள்ளைகள்தான்.

கண்டி வாட்டு ஏன் வழிகிறது என்பதில் நம் தோட்டத்துக்கும் பங்குண்டு. கோப்பிக் காலத்திலேயே, 1872இல், தோட்டத் தொழிலாளியின் மருத்துவத்துக்கென்று வெள்ளைக்காரன் ஒரு கட்டளைச் சட்டம் போட்டான். 1990களில் தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசாங்கமே எடுத்து நடத்தும் என்றார்கள். சிலதை எடுத்தார்கள், மற்றவை இரண்டுங்கெட்டான். டிஸ்பென்சரியில் பார்த்து முடிக்க வேண்டிய காய்ச்சலும் பிரஷரும் துண்டெழுதிக் கம்பளைக்கும் நாவலப்பிட்டிக்கும், அங்கிருந்து பேராதனைக்கும் கண்டிக்கும் போகின்றன. ஏற்கெனவே நாற்பது பேர் இருக்கும் வாட்டில் நம்மவர் நாற்பத்தோராவது ஆள். கம்பனிக்கு இதில் ஒரு சதமும் செலவில்லை.

டீச்சராக எனக்கு உறுத்துகிற விடயம் வேறு. அரச தாதிப் பயிற்சிக்கு எடுபட உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவில் சித்தியடைந்திருக்க வேண்டும். தெல்தோட்டை, கலஹா, ரங்கலைப் பக்கத்துத் தோட்டப் பிள்ளை ஓ.எல்.லில் விஞ்ஞானத்துக்கு ஏ எடுத்தாலும், தமிழில் உயர்தர விஞ்ஞானம் படிக்கக் கண்டிக்குப் போய்ப் போர்டிங்கில் நிற்க வேண்டும். அந்தக் காசு லயத்தில் இல்லை. ஆகவே கலைப் பிரிவு. ஒவ்வொரு வருடமும் இரண்டு மூன்று பிள்ளைகளுக்கு நானே கலைப் பிரிவு விண்ணப்பத்தில் கையொப்பம் வைக்கிறேன், அன்றைக்கெல்லாம் மனசு சரியில்லை. புசல்லாவைக்காரி கையைக் காட்டிக் காட்டிச் சொன்னதைப் புரிந்துகொள்ளக்கூடிய மிஸ் ஒருத்தி என் வகுப்பில் இரண்டாவது வாங்கில் உட்கார்ந்திருந்தாள். இப்போது அவள் கண்டியில் துணிக்கடையில் நிற்கிறாள்.

ஆகவே சங்கம் இரண்டு விடயங்களை எடுத்திருக்கிறது. கண்டி மாவட்டத்தின் ஒவ்வோர் அரச வைத்தியசாலையிலும் அனுமதிக்கப்பட்ட தாதியர் எத்தனை, இருப்பவர் எத்தனை, அதில் தமிழ் பேசுபவர் எத்தனை என்று 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேட்கிறோம். தோட்டத்துக்குப் பக்கத்தில் உள்ள தமிழ்ப் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞான வகுப்பு வேண்டும் என்று மத்திய மாகாணக் கல்வித் திணைக்களத்துக்குப் பெற்றோரின் கையொப்பத்தோடு மனு போகிறது.

தலைவர், தலைவிமாரிடம் ஒரு சின்ன வேலை. இந்த மாதம் உங்கள் தோட்டத்திலிருந்து யார் வாட்டில் தங்கினாலும், துணைக்குப் போகிறவரிடம் ஒரு கொப்பித் தாளைக் கொடுத்துவிடுங்கள். வாட்டு எண், திகதி, இரவு பத்து மணிக்கு எத்தனை நோயாளி, எத்தனை மிஸ். மிஸ்ஸின் பெயர் எழுத வேண்டாம், அவருக்குத் தொல்லை வரும். எழுதத் தெரியாதவர் கோடு போட்டு எண்ணி வரட்டும். தாள்களை மாதக் கடைசியில் சந்தா கொண்டுவரும்போது மாவட்டக் காரியாலயத்தில் சேர்த்துவிடுங்கள். அம்மாயியின் இரவில் நான் எண்ணியதை முதல் தாளாக எழுதி வைத்திருக்கிறேன்.