அப்பாவின் ரிக்கார்டு பிளேயர்

அப்பாவின் பழைய ரிக்கார்டு பிளேயரைத் திறக்கப் போகிறேன் என்றதும் அம்மாவின் முகம் மாறிவிட்டது. "நல்லா ஓடுறத ஏன்டா நோண்டுற?"

ஓடியது உண்மைதான். ஆனால், பி.பி.ஸ்ரீநிவாஸ் மெல்லப் பாடும் இடங்களில் 'ம்ம்ம்' என்றோர் இரைச்சலும் கூடவே பாடியது.

இது 'டைரக்ட் டிரைவ்' வகை. பெல்ட் கிடையாது, மோட்டாரே தட்டைச் சுழற்றும். 1970இல் டெக்னிக்ஸ் எஸ்பி-10 பிரபலமாக்கிய முறை. வேகம் இன்னும் பிசகாததால் மோட்டாரை நான் தொடவில்லை. தொல்லை, உள்ளேயே இருந்த டிரான்ஸ்பார்மர். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தால் அதைச் சுற்றி எழும் காந்தப்புலத்தை, ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜ் பிடித்துக்கொள்கிறது. அதைத் தனிப் பெட்டிக்கு மாற்றி ஒரு மீட்டர் தள்ளி வைத்தோம். வீட்டு மின்சாரம் விளையாட்டல்ல. அந்த வேலையை எலெக்ட்ரீஷியன் நண்பரிடமே விட்டேன். நைந்த சிக்னல் வயரையும் எர்த் கம்பியையும் நான் மாற்றினேன். தங்க முலாம் பூசிய வயர் வாங்கச் சொன்னவர்களும் உண்டு. வாங்கவில்லை.

ஊசியை வைத்தேன். அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"அதே தட்டா இது?"

"அதே தட்டுதாம்மா."

கொஞ்ச நேரம் நின்று கேட்டார். பிறகு, மறுபக்கத்தையும் போடச் சொன்னார்.