செருப்புக்காகக் காலைத் தறிப்பதா?



இத்திங்கள் நாம் ஒரு பிழையை ஒப்புக்கொண்டே இப்பகுதியைத் தொடங்க வேண்டியிருக்கிறது. பிழை பிறருடையது அன்று; நம்முடையதே. பிள்ளைகளுக்கு ஆசையோடு பொருள் வாங்கித் தரும் பெற்றோரும் மாமன்மாரும் நம் வாசகரிடையே பலர் உளர். ஆதலின் அதனை மறையாமல் சொல்லிவிடுதல் பயன் தரும் என்று கருதுகிறோம்.

சென்ற குளிர்காலத்தில், லடாக்கின் லே நகரில் அலுவல் நிமித்தம் குடியிருக்கும் நண்பர் ஒருவரின் குடும்பத்தைக் காணச் சென்றிருந்தோம். நண்பரும் அவர் மனைவியாரும் திருநெல்வேலிப் பக்கத்தவர். அவர்தம் மகளுக்கு வயது பதின்மூன்று. தாமிரவருணியில் நீந்தியவர்களின் மகள், குளத்து நீர் கல்லாய் உறையும் ஊரில் வளர்கிறாள். 2025-ஆம் ஆண்டில் ஐக்கிய அரபு அமீரகத்தில் நடந்த ஆசியக் கோப்பைப் போட்டியில் நம் நாட்டுப் பெண்கள் ஐஸ் ஹாக்கி அணி வெண்கலப் பதக்கம் பெற்றது. அவ்வணியினரில் மிகப் பலர் லடாக்கியர். அச்செய்தி வந்த நாள் முதல் அப்பெண்ணுக்கு வேறு நினைவே இல்லை.

அவளுக்கு ஒரு சோடி ஸ்கேட் காலணி பரிசளிக்க விரும்பினோம். அவளுடைய பள்ளிக் காலணியின் எண்ணைத் தொலைபேசியில் கேட்டோம். வளரும் பிள்ளையாயிற்றே என்று ஓர் எண் கூட்டினோம். டெல்லியில் வாங்கிக் கொண்டு, பெருமையோடு லே சென்று சேர்ந்தோம்.

மூன்றாம் நாள் காலை, உறைந்து கிடந்த கர்ஸூ குளத்தின் கரையில் அவள் குனிந்து அமர்ந்திருந்தாள். காலணியைக் கழற்றிக் கொண்டிருந்தவளின் கண்ணில் நீர். பாதத்தின் இருபுறமும் கன்றிச் சிவந்திருந்தது. கணுக்கால் எலும்பின்மேல் தோல் உரிந்திருந்தது. விரல்களுக்கு முன்னாலோ ஒரு கட்டை விரல் அளவு இடம் வெறிதே கிடந்தது! நீளம் மிகுதி, அகலம் குறைவு. குதிகாலோ ஒவ்வோர் அடியிலும் மேலெழுந்து உராய்ந்தது. இடத்தை நிரப்ப அவள் இரண்டு சோடிக் கம்பளிக் காலுறை அணிந்திருந்தாள். அவை நெருக்கத்தை மேலும் கூட்டினவேயன்றிப் பிடிமானம் தரவில்லை.

"என் கால்தான் மாமா கோணல்" என்றாள் அவள்.

அவள் தாயாரும், "நம்ம ஊர்க் காலுக்கு இதெல்லாம் ஒத்துவராது அண்ணாச்சி. விட்டுவிடச் சொல்லிவிட்டேன்" என்றார்.

நமக்குத் தலை குனிந்தது. நாம் அளவு பாராமல் வாங்கிய ஒரு பொருள், ஒரு குழந்தையைத் தன் உடம்பின்மீதே பழி போடச் செய்துவிட்டது.

அங்கே சிறுவர்க்கு ஆட்டம் பயிற்றும் பெரியவர் ஒருவர், படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், இதனைக் கவனித்துக் கொண்டிருந்தார். அருகே வந்து அவள் பாதத்தைக் கையில் ஏந்திப் பார்த்தார். பிறகு காலணியின் உள்ளே கைவிட்டுப் பார்த்தார். "காலில் குறை இல்லை. காலணியிலும் குறை இல்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று உரியவை அல்ல" என்றார். முற்காலத்தில் லடாக்கியர் படைவீரர் பூட்சில் இரும்புத் தகட்டைப் பொருத்திக்கொண்டு ஆடிய கதையையும் சொன்னார். காலுக்கும் காலணிக்கும் உள்ள உறவை அவ்வாறு ஆடிப் பழகியவர்களே நன்கு அறிவர் போலும்.

அவரிடம் கேட்டும், பின்னர்த் தேடிப் படித்தும் நாம் அறிந்தவற்றைச் சுருங்கச் சொல்வோம்.

முதலாவது, எண்ணை நம்பலாகாது. வட அமெரிக்காவில் ஸ்கேட்டின் எண், அதே கால் அணியும் சாதாரணக் காலணியின் எண்ணைவிட ஒன்று அல்லது ஒன்றரை குறைவாக இருப்பது வழக்கம். நம் நாட்டுக் காலணிகளிலோ பெரும்பாலும் பிரிட்டிஷ் எண்களே பொறிக்கப்படுகின்றன. ஆகவே பாதத்தைச் சென்டிமீட்டரில் அளந்து, செய்பவரின் அளவுப் பட்டியலோடு ஒப்பிடுவதே நேரிய வழி. மாலையில் கால் சற்றே பருத்திருக்கும். அப்போது, எழுந்து நின்றபடி, இரு கால்களையும் அளத்தல் வேண்டும். இரண்டும் ஒத்திருப்பது அரிது. பெரிய காலுக்கே வாங்க வேண்டும்.

இரண்டாவது, பாதத்துக்கு நீளம் மட்டும் அளவன்று. முன்பாதத்தின் அகலம், குதிகாலின் பருமன், புறங்காலின் உயரம் ஆகியனவும் உண்டு. முன்புறம் அகன்று குதிகால் ஒடுங்கிய கால்தான் பொருத்துவதற்கு மிகக் கடினமானது. நம் பெண்ணின் கால் அத்தகையது. பாவர் என்னும் நிறுவனத்தார் ஒரே நீளத்தில் ஒடுங்கியது, நடுத்தரம், அகன்றது என மூவகை செய்து, அவற்றுக்கு 1, 2, 3 என எண்ணிடுகின்றனர். சி.சி.எம். நிறுவனத்தாரும் அவ்வாறே மூவகை செய்கின்றனர். அகன்ற கால் நம் ஊர்க்கே உரியதாயின், கனடாக்காரர் எதற்காக அகன்ற ஸ்கேட் செய்து விற்கவேண்டும்?

மூன்றாவது, அணிந்து பார்க்கும் முறை. ஒரே ஒரு மெல்லிய காலுறை போதும். குதிகாலைப் பின்புறம் மெல்லத் தட்டி இருத்திய பிறகே நாடாவை இறுக்க வேண்டும். நிமிர்ந்து நிற்கையில் விரல் நுனி முன்முனையை இலேசாகத் தொட வேண்டும். முழங்காலை மடக்கினால் விரல் சற்றே பின்வாங்க வேண்டும். குதிகால் எழும்பவே கூடாது. இறுக்குவதற்கு முன், மேலிருந்து மூன்றாம் நாடாத் துளைகளின் குறுக்கே ஒரு பென்சிலை வைத்துப் பார்க்கலாம். பென்சில் இருபுறத் துளைகளையும் தொடாமல் புறங்காலின்மேல் ஏறி நின்றால், காலணியின் ஆழம் போதாது. அக்காலணியைப் பிடிவாதமாக அணிந்தால் நாடா புறங்காலைக் கடித்துப் புண்படுத்தும். வளரும் பிள்ளைக்கு அரை எண் இடம் விடலாம். அதற்குமேல் விடுவது சிக்கனம் அன்று.

நான்காவது, இக்காலத்து ஸ்கேட்டுகள் பலவும் சூட்டில் இளகிக் காலின் வடிவம் கொள்வன. கடையில் அதற்கென உள்ள அடுப்பில் சில நிமிடம் சூடேற்றி, அணிவித்து, கால் மணி நேரம் அசையாமல் அமரச் செய்வர். ஓர் எலும்பு மட்டும் முட்டுமாயின் அவ்விடத்தை மாத்திரம் கருவியால் புடைக்கச் செய்வதும் உண்டு. இவற்றை வீட்டுச் சமையலறையில் முயலற்க. குதிகாலின் பின்புறம் இடைவிடாது உராய்ந்தால் எலும்பே புடைத்துவிடும். அந்த நிலைக்கு விடாமல் மருத்துவரிடம் காட்டிவிடுதல் நன்று.

இவற்றையெல்லாம் படித்தபோது ஒரு பழைய செய்தியும் கிடைத்தது. கனடாவின் மனிடோபா மாகாணத்தில் பிராண்டன் என்றொரு நகர். அங்கே ஜார்ஜ் டக்கபெரி என்னும் காலணித் தொழிலாளர் வாழ்ந்தார். அவருடைய அண்டை வீட்டார் ஜோ ஹால் என்ற பெயர்பெற்ற ஹாக்கி ஆட்டக்காரர். தம் ஸ்கேட் காலணி நனைந்து தொய்ந்து விரைவில் பாழாகிறது என்று ஹால் குறைபட்டுக்கொண்டார். ஏறத்தாழ 1905-இல் டக்கபெரி, நனைந்தாலும் எளிதில் தொய்யாத கங்காரு தோலைக் கொண்டு, குதிகாலை இறுகப் பற்றி உள்வளைவைத் தாங்கும் காலணி ஒன்றை அவருக்குத் தைத்துக் கொடுத்தார். அதன் புகழ் நாடெங்கும் பரவியது. 1937-இல் டக்கபெரி மறைந்தபின் சி.சி.எம். நிறுவனத்தார் அப்பெயரை வாங்கிக்கொண்டனர். 'டாக்ஸ்' என்று வழங்கும் ஸ்கேட் அவர் பெயரின் சுருக்கமே. இத்தனைக்கும் தொடக்கம், ஒருவர் தம் காலின் குறையை அண்டை வீட்டாரிடம் சொன்னதும், அவர் அதனைச் செவிமடுத்ததுமே.

அகன்ற பாதம் ஊனம் அன்று என்பதற்கும் சான்று உண்டு. 2009-இல் வெளியான ஓர் ஆய்வு, வெறுங்காலோடு நடந்து பழகிய இந்தியர், காலணி அணிந்து பழகிய இந்தியர், மேனாட்டார் ஆகிய மூவகையினரின் பாதங்களை ஒப்பிட்டது. வெறுங்காலில் நடந்தோரின் பாதம் அகன்றிருந்தது. நடக்கும்போது உடலின் பாரமும் அதில் ஒரு சீராகப் பரவியது. மேனாட்டார் பாதமே ஒடுங்கியிருந்தது. இதனை அந்தத் தாயாரிடம் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார். "அப்படியானால் எங்கள் ஆச்சி கால்தான் இவளுக்கு" என்றார்.

ஜனவரி இறுதியில் ஒரு திருமணத்தின் பொருட்டு அவர்கள் டெல்லி வந்தனர். இம்முறை காலை உடன் அழைத்துக்கொண்டே கடைக்குச் சென்றோம். நாம் முன்பு வாங்கியதைவிட ஒன்றரை எண் சிறியதும் அகலம் மிகுந்ததுமான ஸ்கேட் அவளுக்குப் பொருந்தியது. சூடேற்றி அணிவித்தார்கள். வலக் கணுக்காலில் மட்டும் எலும்பு முட்டியது. அவ்விடத்தைப் புடைத்துக் கொடுத்தார்கள். பழைய சோடி வீணாகவில்லை. அவளுடைய லடாக்கித் தோழி ஒருத்திக்கு நீண்டு மெலிந்த பாதம். அவளுக்கு அது அளவெடுத்துச் செய்தாற்போல் அமைந்துவிட்டது. பெரியவர் சொன்னது மெய்யாயிற்று.

லே திரும்பியபின் குளம் இளகுவதற்குப் பத்து நாள்களே இருந்தன. பத்து நாளும் அவள் ஆடினாள். பள்ளி அணியில் இன்னும் இடம் கிடைக்கவில்லை. அடுத்த குளிர்காலத்தில் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். அது அவள் திறமையையும் உழைப்பையும் பொறுத்தது. காலணியைப் பொறுத்தது அன்று. அந்த அளவுக்கு வழி விட்டதே நமக்கு ஆறுதல்.

செருப்புக்காகக் காலைத் தறிக்கலாமா என்பது நம் முன்னோர் கேட்ட கேள்வி. பிறந்த ஊரை விட்டு வந்து பிறர் வழக்கங்களுக்கிடையே பிள்ளைகளை வளர்க்கும் நாம், ஏதேனும் ஒன்று பொருந்தாதபோது, 'இது நமக்கு ஆகாது' என்று விரைந்து முடிவு கட்டிவிடுகிறோம். ஆகாதது எது என்று முதலில் அளந்து பார்ப்போமாக.

அடுத்த திங்கள் மீண்டும் சந்திப்போம்.