பேனாக்கத்தியில பேனா எங்கே?

மூணாவது வருஷம் மினி ப்ராஜெக்டுக்கு எங்க டீம் ஒரு மல்ட்டி டூல் டிசைன் பண்ணினோம். ஒரே பிடிக்குள்ள 11 கருவி. கத்தி, ரம்பம், ஸ்க்ரூ டிரைவர், பாட்டில் ஓப்பனர்னு கைக்கு வந்ததையெல்லாம் சேர்த்து, சாலிட்வொர்க்ஸ்ல சுத்திச் சுத்திக் காட்டினோம். ரிவியூவுக்கு வந்த மேடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. "இதை வாங்குறவர் காலையில முதல்ல எதைத் திறப்பார்?" நாலு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். மார்க் வந்துச்சு, பதில் வரல.

அதுக்கப்புறம் வந்த பொங்கல் லீவுக்கு நாகலூர் போயிருந்தேன். ஏற்காட்டுப் பக்கத்துல இருக்கிற எங்க ஊர். காபிப் பழம் பறிக்கிற சீசன். களத்துல தாத்தா கோணி ஊசியால சாக்கைத் தைச்சிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன மடக்குக் கத்தியை எடுத்துச் சணலை அறுத்தார். அடுத்து ஒரு ஆரஞ்சுப் பழத்தைக் கீறிக் கொடுத்தார். சாயங்காலம் சில்வர் ஓக் மரத்துல மிளகுக் கொடியைக் கட்டும்போதும் அதே கத்தி. ஒரே ஒரு அலகு, ஒரு மரப்பிடி, ஒரு ரிவெட். அவ்வளவுதான்.

"இதுக்கு என்ன பேரு தாத்தா?"

"பேனாக்கத்தி, கண்ணு."

"இதுல பேனா எங்க இருக்கு?"

"எங்கப்பா அப்படித்தான் சொல்வாரு. நீதானே இன்ஜினியருக்குப் படிக்கிற, நீ சொல்லு."

எனக்குத் தெரியல. தேடிப் பார்த்தேன்.

ஐரோப்பாவுல இரும்பு நிப் வர்றதுக்கு முன்னாடி பறவை இறகாலதான் எழுதினாங்க. எழுத எழுத இறகோட முனை மழுங்கிடும். அதைச் சீவிக்கிட்டே இருக்கணும். அதுக்காகப் பாக்கெட்ல வச்சிருந்த சின்னக் கத்திதான் 'பென் நைஃப்'. லத்தீன்ல 'பென்னா'ன்னா இறகு. நம்ம 'பேனா'வும் அந்த வழியில வந்ததுதான். சாவி, ஜன்னல், மேசை மாதிரி போர்ச்சுகீசியர்கிட்ட இருந்து வாங்கின சொல். 19ஆம் நூற்றாண்டுல இரும்பு நிப் பரவினதும் சீவுற வேலை போயிடுச்சு. கத்தி மட்டும் பேரோட தங்கிடுச்சு. தாத்தாவோட சட்டைப் பையில இருந்தது அந்தப் பேருதான்.

இதோட நிறுத்தியிருந்தா 'மடக்குக் கத்தி வெளிநாட்டுச் சரக்கு'ன்னு நினைச்சிருப்பேன். ஆனா தேடும்போது இன்னொரு சொல் கண்ணுல பட்டுச்சு: மடக்கெழுத்தாணி.

எழுத்தாணின்னா ஓலையில எழுதுற இரும்பு ஆணின்னு எல்லாருக்கும் தெரியும். அதுல குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணின்னு வகை உண்டு. உ.வே.சாமிநாதையர் 1940ல ஆனந்த விகடன்ல எழுத ஆரம்பிச்ச 'என் சரித்திரம்' தொடர்ல இதையெல்லாம் விவரமா சொல்றார். மடக்கெழுத்தாணிக்கு மரம், தந்தம், மாட்டுக்கொம்பு இதுல ஏதாவது ஒண்ணால பிடி. பிடியோட ஒரு பக்கம் எழுத்தாணி, இன்னொரு பக்கம் கத்தி. ரெண்டையும் பிடிக்குள்ள மடக்கிக்கலாம். கத்தி எதுக்குன்னா ஓலையை வாரவும் நறுக்கவும்.

'வாருதல்'ங்கிற சொல் எனக்குப் புரியல. இங்கிலீஷ் மீடியம். தலை வாருறதுதான் தெரியும். அம்மாகிட்ட கேட்டேன். பனை ஓலையில நரம்பை எடுத்துட்டு, ஓரத்தைச் சீரா சீவி, எழுதுறதுக்கு ஏத்த ஏடா ஆக்குறதுதான் வாருறதுன்னு சொன்னாங்க.

அங்கே பேனாவைச் சீவ ஒரு கத்தி. இங்கே பேனாவும் கத்தியும் ஒரே பிடியில. ரெண்டுமே எழுதுறவன் கையில பிறந்தது. நாகலூர் மலையில பனை இல்ல. ஆனா 20 கொண்டை ஊசி வளைவு இறங்கிட்டா சேலத்துச் சமவெளி முழுக்கப் பனை. நாம தினமும் பஸ்ல கடந்து போற அந்த மரத்துக்காகவே ஒரு மடக்குக் கருவி இருந்திருக்கு.

இப்போ அதை ஒரு டிசைனாப் பாருங்க. ஓலை மேல மை தொட்டு எழுதுறதில்ல. கூரான முனையால கீறி, அப்புறம் கரி மாதிரி ஏதாவது தடவினாத்தான் எழுத்து கண்ணுக்குத் தெரியும். அப்போ முனை கூரா இருந்தே ஆகணும். கூரான முனையை மடியில சொருகிக்கிட்டு நடந்தா தொடையைக் குத்தும், முனையும் கெடும். அதனால மடக்கணும். எழுதுறதுக்கு முன்னாடி ஏட்டைத் தயார் பண்ணணும். அதனால கத்தி வேணும். ரெண்டு கருவி, ரெண்டுக்கும் காரணம் இருக்கு. மூணாவதா ஒண்ணு இல்லாததுக்கும் அதேதான் காரணம். அந்த வேலைக்கு மூணாவது தேவைப்படல.

சுவிஸ் ஆர்மி நைஃப் கதையும் இதேதான். 1891ல சுவிட்சர்லாந்து ராணுவத்துக்கு வந்த முதல் மாடல்ல இருந்தது நாலே கருவி: கத்தி, துளை போடுற ஊசி, டின் ஓப்பனர், ஸ்க்ரூ டிரைவர். சிப்பாய்க்கு டின்ல சாப்பாடு. துப்பாக்கியைக் கழட்டி மாட்ட ஸ்க்ரூ டிரைவர். வேலை முதல்ல வந்துச்சு, கருவி பின்னாடி வந்துச்சு. நாங்க செஞ்சது நேர் தலைகீழ். அந்தக் கம்பெனியோட இன்னிக்குக் கேட்டலாக்கைப் பார்த்துக் கருவியை எடுத்துக்கிட்டு, அதுக்கு வேலை தேடினோம்.

என் கருத்து இதுதான். நம்ம டிசைன் படிப்புல 'ஃபீச்சர்' கணக்குப் போடக் கத்துக்குறோம், வேலையைப் பார்க்கக் கத்துக்கல. வேலையைப் பார்க்கணும்னா அந்த வேலையோட சொல் தெரியணும். 'வாருதல்' தெரியாத எனக்கு மடக்கெழுத்தாணியில கத்தி எதுக்குன்னே புரியல. சொல் போச்சுன்னா கருவி வெறும் மியூசியப் பொருள்தான்.

"எழுத்தாணியை இப்போ வச்சு என்னடா பண்றது, பழம்பெருமை பேசுறியா?"ன்னு என் ரூம்மேட் கேட்டான். நியாயமான கேள்வி. எழுத்தாணியைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லல. அது செத்ததுக்கும் காரணம் இருக்கு. காகிதம் வந்துச்சு, ஓலை போச்சு, வார்ற வேலையும் போச்சு. ஆனா இன்னிக்கும் வேலை செஞ்சுக்கிட்டிருக்கிற கருவிகள் நம்ம வீட்லயே இருக்கு. அதையும் நாம பார்க்கல.

தாத்தாகிட்ட கேட்டேன், "இதால காபிச் செடியைக் கவாத்து பண்ண மாட்டீங்களா?" சிரிச்சார். "மடக்குக் கத்தியால கிளையை வெட்டினா ஆணி ஆடிப்போகும். அதுக்கு வேற கத்தி." மொத்த விசையும் அந்த ஒரு ரிவெட்டுல போய் விழும்னு நான் ஷியர் ஸ்ட்ரெஸ் ஃபார்முலாவோட படிச்சதை, அவர் ஒரு வரியில சொல்லிட்டார். எங்க 11 கருவி டிசைன்ல ரம்பமும் அதே மாதிரி ஒரு பின்லதான் தொங்கிட்டு இருந்துச்சு. நாங்க அதைக் கணக்குப் போட்டே பார்க்கல.

அந்தக் கத்தியோட அலகு தீட்டித் தீட்டித் தேய்ஞ்சு பாதியா ஆயிடுச்சு. தாத்தாவுக்கு இப்போ பார்வை குறைஞ்சிடுச்சு, தீட்டுறதை விட்டுட்டார். போன லீவுல வெர்னியர் கொண்டுபோய் அளந்து, ஒரு டிராயிங் போட்டேன். ஓரத்துல அவர் அதால என்னென்ன செய்வார்னு அவர் சொன்ன சொல்லாலயே எழுதி வச்சேன்.

நீங்களும் அடுத்த லீவுல ஒண்ணு செய்யுங்க. பாக்குவெட்டி, அரிவாள்மனை, தேங்காய்த் துருவி, எதுவானாலும் சரி. அளந்து வரைங்க. பேரு என்ன, வேலை என்ன, யார் கையில இருக்குன்னு கேட்டு எழுதுங்க. நம்ம இதழுக்கு அனுப்புங்க, மாசம் ஒண்ணு போடலாம். ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு டாபிக் தேடுற ஜூனியர்ஸுக்கும் சேர்த்துதான் சொல்றேன். முதல்ல வீட்ல யார் எதைத் திறக்குறாங்கன்னு பாருங்க. சாலிட்வொர்க்ஸை அதுக்கப்புறம் திறக்கலாம்.