கோஷத்துக்கும் ஒப்பாரிக்கும் நடுவே: நாம் கேட்காமல் விட்ட சில பங்க் ஆல்பங்கள்

விடுதியில் பக்கத்து அறை நண்பர் ஒருநாள் இரவு வந்து கதவைத் தட்டினார். "தோழர், உள்ள யாரையாவது அடிக்கிறாங்களா?" என்று கேட்டார். யாரையும் அடிக்கவில்லை. சோல் குளோவின் ஆல்பம் ஓடிக்கொண்டிருந்தது. ஹெட்போன் ஒயர் அறுந்துபோன மாதம் அது. உதவித்தொகை வந்ததும் புதிது வாங்கலாம் என்று லேப்டாப் ஸ்பீக்கரிலேயே கேட்டுக்கொண்டிருந்தேன். அவரை உட்காரவைத்து இரண்டு பாட்டு போட்டுக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இது வெள்ளைக்காரப் பசங்க கத்துறதுதானே, இதுல நமக்கு என்ன இருக்கு?" என்றார். பாடுகிறவர் கறுப்பர் என்றேன். படத்தை எடுத்துக் காட்டிய பிறகுதான் நம்பினார்.

அவர் கேட்டதில் தவறில்லை. பங்க் என்றதும் நமக்குக் காட்டப்பட்ட படம் அப்படி. கிழிந்த ஜீன்ஸ், குத்திட்டு நிற்கும் தலைமுடி, லண்டன் தெருவில் முறைத்துக்கொண்டு நிற்கும் வெள்ளை இளைஞன். அந்தப் படத்தின் ஓரத்தில் யாரையெல்லாம் வெட்டியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தில் ஹாக்னி என்ற கறுப்பினக் குடும்பத்துச் சகோதரர்கள் மூன்று பேர், 'டெத்' என்ற பெயரில் 1975ல் ஏழு பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். பங்க்கின் தொடக்கம் என்று பெரும்பாலோர் சொல்லும் ரமோன்ஸின் முதல் ஆல்பம் வந்தது அதற்கு அடுத்த வருடம். டெத்தின் பாட்டுகளைக் கேட்ட ஒரு பெரிய கம்பெனியின் தலைவர், பெயரை மாற்றினால் வெளியிடுகிறேன் என்றார். மூத்தவரான டேவிட் மறுத்துவிட்டார். 1976ல் சொந்தக் காசில் 500 இசைத்தட்டு போட்டார்கள், அத்தோடு சரி. அந்த ஏழு பாட்டுகளும் ஒரே தொகுப்பாக வெளிவந்தது 2009ல். டேவிட் 2000த்திலேயே புற்றுநோயில் இறந்துவிட்டார். 34 வருடம் தாமதமாக வந்த அந்தப் பதிவுக்கு அப்புறம் ஆவணப்படம், பாராட்டு எல்லாம் வந்தன. செத்த பிறகு சிலை வைக்கும் ஊர் நம்முடையது மட்டுமல்ல.

ஹார்ட்கோர் என்கிற இன்னும் வேகமான வடிவத்துக்கு வேகம் கற்றுக்கொடுத்ததும் வாஷிங்டன் நகரத்துக் கறுப்பர்களான பேட் பிரெய்ன்ஸ்தான். அவர்களைப் பார்த்து வளர்ந்த வெள்ளை இளைஞர்கள் அதே நகரத்தில் 1985 வாக்கில், கோபத்தோடு சொந்தத் துயரத்தையும் சேர்த்துப் பாடத் தொடங்கினார்கள். ஈமோ என்று பிறகு பெயர் பெற்றது அதுதான். ஆக, 'காதலில் தோற்ற வெள்ளைப் பையன் அழுகிற இசை' என்று கிண்டலடிக்கப்படும் ஈமோவின் கொள்ளுத்தாத்தா ஒரு கறுப்பு இசைக்குழு. (பேட் பிரெய்ன்ஸைப் புனிதராக்கத் தேவையில்லை. தன்பாலீர்ப்பாளர்களிடம் அவர்கள் நடந்துகொண்ட விதம் அசிங்கமானது. அதுவும் வரலாற்றில் இருக்கிறது.)

இந்த வரலாறு தெரிந்தால் போதும், நாம் கேட்டே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. கறுப்பர்கள் செய்தது என்பதற்காகவே ஓர் ஆல்பத்தைக் கேட்பது கடமை, கடமைக்காக யாரும் பாட்டுக் கேட்பதில்லை. எனக்கு இவை தேவைப்பட்டதற்குக் காரணம் வேறு. சாதி எதிர்ப்பு மேடையில் நமக்கு இரண்டு குரல்கள்தான் அனுமதி. ஒன்று கோஷம். இன்னொன்று ஒப்பாரி. படுகொலை நடந்தால் ஒப்பாரி, பிறந்தநாளும் நினைவுநாளும் வந்தால் கோஷம். இரண்டும் தேவை, இரண்டிலும் நானும் நின்றிருக்கிறேன். ஆனால் செவ்வாய்க்கிழமை மதியம் ஒன்றுமே நடக்காதபோது, நெறியாளரின் அறை வாசலில் ஒரு மணிநேரம் நிற்கும்போது, உள்ளே ஓடுகிற குரல் இந்த இரண்டும் இல்லை. அது எரிச்சல், வெட்கம், கடன் கணக்கு, அபத்தமான நகைச்சுவை, தூக்கமின்மை எல்லாம் சேர்ந்த ஒன்று. அந்தக் குரலுக்கு நம்மிடம் பாட்டு குறைவு. கீழே சொல்லும் ஆல்பங்களில் அதுதான் இருக்கிறது.

முதலில் சோல் குளோ. பிலடெல்பியாக்காரர்கள். 2022 மார்ச்சில் வந்த 'டயஸ்போரா ப்ராப்ளம்ஸ்' அவர்களுடைய பெரிய ஆல்பம். அமெரிக்க விமர்சகர்கள் கொண்டாடினார்கள், நம் பக்கம் காற்றுகூட வீசவில்லை. பன்னிரண்டு பாட்டு. ஹார்ட்கோரின் வேகத்தில் ராப் பாடகரின் சொல் நெருக்கம். பியர்ஸ் ஜோர்டன் பாடுவதை முதல்முறை கேட்கும்போது ஒரு சொல்லும் பிடிபடாது. வரிகளைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டாம் முறை கேளுங்கள். இவ்வளவு இரைச்சலுக்கு உள்ளே ஒரு மனிதர் வாடகை, வேலை, மனநலம், நண்பர்களின் சாவு, பணம் வந்தால் தான் என்னவாக ஆவேன் என்ற பயம் ஆகியவற்றைப் பற்றி நுணுக்கமாகப் பேசிக்கொண்டிருக்கிறார். இடதுசாரி வெள்ளை நண்பர்களையும் விட்டுவைப்பதில்லை. தன்னையும் விட்டுவைப்பதில்லை. அங்கதான் நான் விழுந்தேன். நம் பாட்டுகளில் 'நான்' எப்போதும் சரியாகவே இருப்பான், எதிரிதான் தப்பு. இவர் தன் கோபம் தன்னை என்ன செய்கிறது என்று கேட்கிறார். சில பாட்டுகளில் திடீரென்று டிரம்பெட் வகைக் காற்றுக்கருவிகள் நுழையும்போது ஊர்வலத்தில் பேண்டு செட் வந்த மாதிரி உடம்பு நிமிரும்.

ஒரு எச்சரிக்கை. இந்த ஆல்பத்தில் கறுப்பர்களை இழிவுபடுத்தும் அந்தச் சொல் பல இடங்களில் வருகிறது. கூடவே பாட வேண்டாம். ஒரு சாதிப்பெயரை அந்த மக்கள் தம் மேடையில் நெஞ்சு நிமிர்த்திச் சொல்வதும் டீக்கடையில் இன்னொருவன் சொல்வதும் ஒன்றா என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கல்லூரி விழாக்களில் ராப் பாட்டு போட்டு அந்தச் சொல்லைக் கும்பலாகக் கத்துகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், பாதிப்பேர் நம் பிள்ளைகள்.

அதே 2022 மார்ச்சில் இன்னொன்று வந்தது, இதைப் பற்றிப் பேசியவர்கள் இன்னும் குறைவு. புரூக்ளினைச் சேர்ந்த 'ப்ராப்பர்' என்ற ஈமோ குழுவின் 'த கிரேட் அமெரிக்கன் நாவல்'. (குழுவின் பெயரிலேயே ஒரு முற்றுப்புள்ளி உண்டு. தேடினால் வேறு எதையெல்லாமோ காட்டும், ஆல்பத்தின் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள்.) மூன்று பேர், மூவரும் கறுப்பர்கள், குயர்கள். ஆல்பத்தைத் தயாரித்தது பார்ட்டீஸ் ஸ்ட்ரேஞ்ச். 'அமெரிக்காவின் மகா நாவல்' என்பது வழக்கமாக வெள்ளை ஆண் எழுத்தாளர்களுக்கு விமர்சகர்கள் சூட்டும் மகுடம். ஊரை விட்டு நகரத்துக்கு வந்த ஒரு கறுப்பு குயர் இளைஞனின் இருபதுகளை எடுத்து அந்த மகுடத்தை அதன் தலையில் வைத்திருக்கிறார்கள். எனக்கு உடனே நம் இலக்கிய உலகம் நினைவுக்கு வந்தது. தலித் எழுத்தாளர் என்றால் பதிப்பகங்கள் தன்வரலாறு கேட்கின்றன. எவ்வளவு அடி வாங்கினாய் என்று எழுதிக்கொடு என்கின்றன. நாவல் எழுதினாலும் அதைத் தன்வரலாறாகவே படிக்கிறார்கள். கற்பனை செய்யும் உரிமை இன்னும் முழுதாகக் கைக்கு வரவில்லை.

'ப்ராப்பர்' சோல் குளோ அளவுக்குக் கத்துவதில்லை. தன்னைப் போன்றவர்களே இல்லாத ஒரு அறையில் தனக்குப் பிடித்த இசையைக் கேட்டு நிற்பது எப்படி இருக்கும் என்பதை எரிக் கார்லிங்டன் பாடுகிறார். வீட்டுக்கும் போக முடியாது, வந்த இடத்திலும் பொருந்த முடியாது. முதல் தலைமுறையாகப் பல்கலைக்கழகத்துக்கு வந்த எவருக்கும் இதை விளக்க வேண்டாம். அம்மா போனில் "சாப்பிட்டியா?" என்று கேட்கிறாள், "இன்னும் எத்தனை வருஷம் படிப்பே?" என்ற கேள்வியைக் கேட்காமல் விடுகிறாள். அந்தக் கேட்காத கேள்வியின் கனம்தான் ஈமோ. 2016 ஜனவரிக்குப் பிறகு ரோஹித் வெமுலா பெயரைச் சொல்லி நாம் எத்தனையோ கூட்டம் போட்டோம். கூட்டம் முடிந்து அறைக்குத் திரும்பும் மாணவருக்கு என்ன கொடுத்தோம்? சோர்வாக இருக்கிறது என்று ஒரு தோழர் சொன்னால் "போராட்டத்தில் சோர்வுக்கு இடமில்லை" என்று முதுகில் தட்டுகிறோம். நானும் தட்டியிருக்கிறேன். இந்த ஆல்பத்தைக் கேட்ட பிறகு அப்படிச் சொல்ல வாய் வருவதில்லை.

ஜூலு என்ற லாஸ் ஏஞ்சலஸ் குழுவின் 'எ நியூ டுமாரோ' (2023) அரைமணிநேரம்கூட ஓடாது. இடி மாதிரி ஒரு நிமிடம், உடனே பழைய சோல் இசைத்தட்டு ஒன்றின் துணுக்கு, பியானோ, நடுவில் ஒரு கவிதை வாசிப்பு. கறுப்பர் வாழ்க்கை என்றால் வலி மட்டும்தானா என்பது இந்த ஆல்பத்தின் சண்டை. எனக்கு இதில் ஒரு குறை உண்டு, பல பாட்டுகள் சூடேறும்போதே முடிந்துவிடுகின்றன. ஆனால் ஒரு பாட்டில் சோல் குளோவின் ஜோர்டனும் வந்து சேர்ந்துகொள்கிறார், அதற்காகவே கேட்கலாம். லண்டன் கறுப்புப் பெண்ணியக் குழுவான பிக் ஜோனியின் 'பேக் ஹோம்' (2022) காதுக்கு இவை எல்லாவற்றையும்விட இதமானது. இரைச்சல் ஒத்துவராதவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.

அமெரிக்கா, லண்டனையே சுற்றிக்கொண்டிருந்தால் அதுவும் ஒரு பழக்கம்தான். இந்தோனேசியாவில் மத்திய ஜாவாவின் சிறிய ஊரான புர்பலிங்காவிலிருந்து 'சுகதானி' என்றொரு இருவர் குழு. ஒரு ஆண், ஒரு பெண், மேடையில் எப்போதும் முகமூடி. கூட்டத்துக்குக் காய்கறி விநியோகிப்பவர்கள். 2023ல் 'கெலாப் கெம்பிதா' என்ற ஆல்பம் போட்டார்கள். அதில் 'பாயார் பாயார் பாயார்' என்று ஒரு பாட்டு. 'காசு கொடு, காசு கொடு' என்று பொருள். லைசென்ஸ் வாங்கவும் புகார் கொடுக்கவும் போலீசுக்குப் பணம் அழ வேண்டியிருப்பதைப் பற்றி. சின்தசைசரும் கிட்டாரும் வைத்து ஆடத்தக்க மெட்டில் போட்ட கேலி, அவ்வளவுதான். 2025 பிப்ரவரியில் அந்த இருவரும் முகமூடி இல்லாமல் ஒரு வீடியோவில் தோன்றி, போலீஸ் தலைமையிடம் மன்னிப்புக் கேட்டு, பாட்டைத் தளங்களிலிருந்து எடுத்துவிட்டோம் என்று அறிவித்தார்கள். பாடகி பார்த்துவந்த ஆசிரியர் வேலையும் போனது என்று செய்திகள் வந்தன. அதே மாதம் ஜகார்த்தா உள்ளிட்ட நகரங்களில் மாணவர் போராட்டம் நடந்தது. அங்கே எல்லாரும் பாடியது அந்தப் பாட்டைத்தான்.

நான் அந்த வீடியோவைப் பலமுறை பார்த்தேன். மன்னிப்பைவிட, முகமூடி இல்லாத முகங்கள்தான் உறுத்தின. பெயரும் ஊரும் தெரிந்துவிட்டால் என்ன நடக்கும் என்று அறிந்துதான் முகத்தை மூடியிருந்தார்கள். வாடகை வீடு தேடும்போது, நேர்முகத் தேர்வில் அப்பா பெயரையும் சொந்த ஊரையும் கேட்கும்போது, நாம் எதை மூடி வைக்கிறோம் என்று யோசிக்காமல் அதைப் பார்க்க முடியவில்லை.

"நம்மிடம் பறை இருக்கிறதே, கானா இருக்கிறதே, கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இருக்கிறதே" என்று தோழர்கள் கேட்பார்கள். இருக்கிறது. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் அந்தக் குழு முதன்முதலாக மேடையேறியபோது கானாவும் ராப்பும் ராக் கிட்டாரும் ஒரே மேடையில் நின்றன. அன்றைக்குக் கிடைத்த தைரியம் இன்றுவரை செலவாகவில்லை. நான் சொல்வது அதற்கு அடுத்தது. பெரிய மேடை வந்தபிறகு சின்ன அறைகள் வர வேண்டும். மேலே சொன்ன குழுக்களில் பெரும்பாலானவை முப்பது பேர் நிற்கும் அடித்தளங்களில், நண்பர் வீட்டு வரவேற்பறைகளில் தொடங்கியவை. சுருதி சேராத கிட்டாரோடு, அரைகுறைப் பாட்டோடு, தப்புச் செய்ய அங்கே அனுமதி உண்டு. நம்மில் ஒருவர் மேடையேறினால் ஒட்டுமொத்தச் சமூகத்தின் மானமும் அவர் தோளில் ஏறிக்கொள்கிறது. தப்பாக ஒரு பாட்டுப் பாடும் சலுகை ஆதிக்கச் சாதி இளைஞனின் கல்லூரி ராக் குழுவுக்கு இருக்கிற அளவு நமக்கு இல்லை.

கேட்பதற்கு ஒரு வரிசை சொல்கிறேன், இரைச்சல் பழகாதவர்களுக்கு. 'பேக் ஹோம்' முதலில். பிறகு 'ப்ராப்பர்', அதை இரவுப் பேருந்தில், ஜன்னல் இருக்கையில். சுகதானியை யூடியூபில் ரசிகர்கள் ஏற்றியிருக்கிறார்கள். ஜூலு காலை நடைக்கு. சோல் குளோ கடைசியில், வரிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. பிடித்தால், கையில் காசு இருந்தால், பேண்ட்கேம்ப் தளத்தில் விலைக்கு வாங்குங்கள், அங்கே வாங்கினால் பணத்தின் பெரும்பகுதி குழுவுக்கே போகும்.

பக்கத்து அறை நண்பர் சோல் குளோவை இன்னும் ஏற்கவில்லை. 'ப்ராப்பர்' மட்டும் வேண்டுமென்று கேட்டு, உதவித்தொகையில் நான் வாங்கிய புது ஹெட்போனையும் சேர்த்து எடுத்துப் போனார். பதினோரு நாள் ஆகிறது, இன்னும் திருப்பித் தரவில்லை.