திருப்பூர்த் தொழிலாளியின் அடுப்பு

குடும்பத்தின் எரிவாயுச் செலவைக் கணக்கிடுவது சிரமமான காரியமன்று. வீட்டு உபயோகத்துக்குரிய உருளையில் 14.2 கிலோ வாயு இருக்கிறது. 2025 ஏப்ரல் 8-ந் தேதி 50 ரூபாய் உயர்த்தப்பட்ட பின், சென்னையில் அதன் விலை 868 ரூபாய் 50 காசு ஆயிற்று. கிலோவுக்குச் சுமார் 61 ரூபாய். உருளை நாற்பது நாள் வருமாயின், தினச் செலவு 22 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு.

திருப்பூரில் இக்கணக்கு எல்லோருக்கும் பொருந்தாது. பீகார், ஒடிஸா முதலிய ராஜ்யங்களிலிருந்து பனியன் கம்பெனிகளுக்கு வந்து, ஓர் அறையில் நாலைந்து பேராக வசிக்கும் வாலிபர்கள், விலாச அத்தாட்சியின்றி வீட்டு இணைப்புப் பெறுவது அரிது. அடையாள அட்டையை மட்டும் காட்டி அவர்கள் வாங்கக்கூடியது 5 கிலோ உருளை. அதற்கோ வீட்டு விலை கிடையாது. வரியிலும் பேதமுண்டு: வீட்டு வாயுவுக்கு நூற்றுக்கு 5, இதற்கு 18. பொங்குவது அதே சோறுதானே!

2021 ஆகஸ்டில் தொடங்கிய இரண்டாவது உஜ்வலா திட்டம், புலம்பெயர்ந்த தொழிலாளரிடம் விலாசத்துக்குச் சுயவாக்குமூலமே போதுமென்றது. மெச்சத்தக்க ஏற்பாடுதான். ஆயினும் இணைப்பு பெண்கள் பெயரில் மட்டுமே அளிக்கப்படுவது. ஆடவர் மட்டும் கூடி வாழும் அறைக்கு அதனால் யாது பயன்?

விலாசமில்லாதவனை வியாபாரியாகப் பாவிப்பது நியாயமன்று. அதே சுயவாக்குமூலத்தை ஏற்று, தொழிலாளருக்கு 5 கிலோ உருளையை வீட்டு விலையிலும் வீட்டு வரியிலும் வழங்கும்படி மத்திய சர்க்கார் எண்ணெய்க் கம்பெனிகளுக்கு உத்தரவிட வேண்டுமென்று கோருகிறோம்.