காணாமற் போனவர் வீட்டுக்கு யார் துணை?



தைப்பூசத்திற்குப் பத்துமலைக்குப் போயிருப்பீர்கள். காவடியும் பால்குடமுமாக மக்கள் வெள்ளம் நகர்ந்து கொண்டிருக்கும்போது, நடுவே ஒலிபெருக்கி கரகரக்கும். "மஞ்சள் பாவாடை கட்டிய ஐந்து வயதுப் பெண்பிள்ளை இங்கே அழுது கொண்டிருக்கிறாள். பெற்றோர் உடனே வரவும்." அதைக் கேட்டதும் நாம் என்ன செய்கிறோம்? முதலில் நம் பிள்ளையின் கையை இறுகப் பிடித்துக் கொள்கிறோம். அதற்குப் பிறகுதான் அந்தத் தாயை நினைக்கிறோம். பிள்ளையைக் கண்டு அள்ளி அணைக்கும்வரை அவளுக்கு அரைமணி நேரமும் ஒரு யுகம் அல்லவா?

அந்த அரைமணி நேரம் பத்து ஆண்டு, பதினைந்து ஆண்டு என்று நீண்டு கொண்டே போனால்? அப்படி வாழும் குடும்பங்கள் நம் நாட்டில் இருக்கின்றன. சம்பளமோ பதவியோ இல்லாமல் அவர்களோடு நிற்கும் நல்ல மனிதர்களும் இருக்கிறார்கள். இம்முறை அவர்களைப் பற்றித்தான் உங்களோடு பேச விரும்புகிறேன்.

ஒரு வீட்டில் சாவு விழுந்தால் என்ன செய்வதென்று நமக்குத் தெரியும். லயத்து ஆண்கள் பந்தல் போடுவார்கள். பெண்கள் காப்பி கலக்குவார்கள். பதினாறாம் நாள் கருமாதி வரை அந்த வீட்டில் அடுப்பு எரியாவிட்டாலும் யாரும் பட்டினி கிடக்க மாட்டார்கள். ஆனால், ஒருவர் காணாமற் போன வீட்டுக்கு நம்மிடம் சடங்கு இல்லை. போய் என்ன சொல்வது என்று தெரியாமல் முதல் வாரம் ஓடி ஓடிப் பார்த்தவர்கள் இரண்டாம் மாதம் தெருவில் கண்டால் தலையைக் குனிந்து கொண்டு போகிறார்கள். மனைவியோ பொட்டு வைத்தாலும் பேச்சு, வைக்காவிட்டாலும் பேச்சு என்று தவிக்கிறாள்.

இந்தத் துயரம் தோட்டத்து மக்களுக்குப் புதியதும் அல்ல. 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் தூரம் ரயில் பாதை போட்டபோது, மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டு போனார்கள். சிலரை ஆசை காட்டியும் பலரைக் கட்டாயப்படுத்தியும் கூட்ஸ் வண்டிகளில் ஏற்றினார்கள். காலராவும் மலேரியாவும் பட்டினியும் அங்கே அவர்களைக் கொன்று குவித்தன. அந்தப் பாதையில் மடிந்த வெள்ளைக்காரப் போர்க் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. நம்மவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர் எழுதிய ஒரு பலகைகூடக் கிடையாது.

1945இல் போர் முடிந்தது. சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பினார்கள். திரும்பாதவர்களின் மனைவிமார் திதி கொடுக்க நாளும் தெரியாமல், நம்பிக்கையைக் கைவிட மனமும் இல்லாமல் லயத்து வாசலில் காத்திருந்தார்கள். அவர்களுக்காக வாய் திறந்து கேட்க அன்று யார் இருந்தார்கள்? வெகு காலம் கழித்துத்தான் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் குழுவாகக் கூடி, போனவர்களின் பெயர்களையும் வந்தவர்களின் அனுபவங்களையும் திரட்டத் தொடங்கினார்கள். அதற்குள் கேட்டறிய வேண்டிய முதியவர்கள் பெரும்பாலோர் கண்ணை மூடிவிட்டார்கள். கேட்க வேண்டிய காலத்தில் கேட்க ஆளில்லாமல் போனால் என்ன நேரும் என்பதற்கு நம் சொந்தக் கதையே சாட்சி.

இனி நம் காலத்துக்கு வருவோம். 2014ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் தேதி, நள்ளிரவு தாண்டிச் சிப்பாங் விமான நிலையத்திலிருந்து பெய்ஜிங் புறப்பட்ட எம்எச் 370 விமானம் திரும்பவே இல்லை. அதில் 227 பயணிகளும் 12 ஊழியர்களும் இருந்தார்கள். மார்ச் 24ஆம் தேதி, விமானம் தென்னிந்தியப் பெருங்கடலில் முடிந்தது என்று அன்றைய பிரதமர் அறிவித்தார். அந்தச் செய்தி சில குடும்பங்களுக்குக் கைப்பேசியில் குறுஞ்செய்தியாக வந்தது. பெற்ற தாயின் முடிவை இரண்டு வரியில் படித்துத் தெரிந்து கொள்வது எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அந்தக் குடும்பங்கள் மூலைக்கொருவராக அழுது கொண்டிருக்கவில்லை. பல நாட்டாரும் பல மொழியினரும் ஒன்றுகூடி 'வாய்ஸ் 370' என்ற சங்கத்தை அமைத்துக் கொண்டார்கள். அதன் முன்னணியில் நின்று பேசியவர்களில் ஒருவர் கிரேஸ் சுபத்திரை நாதன் என்ற நம் பெண். விமானத்தில் இருந்தவர் அவருடைய தாயார். சட்டம் படித்த அந்த மகள் தன் தாய்க்காக மட்டும் கேட்கவில்லை. 239 பேரின் குடும்பங்களுக்கும் சேர்த்துக் கேட்டார்.

1 லட்சத்து 20 ஆயிரம் சதுர கிலோமீட்டர் கடலடியைத் தேடிய பிறகு, 2017 ஜனவரி 17ஆம் தேதி அரசாங்கங்கள் தேடுதலை நிறுத்தின. அதற்குச் சற்று முன்பே, 2016 டிசம்பரில், குடும்பத்தாரில் சிலர் தாங்களே மடகாஸ்கர் தீவுக்குப் போனார்கள். கடற்கரைக் கிராமங்களில் நடந்து, மீனவர்களிடம் படங்களைக் காட்டி, இப்படி ஏதாவது கரை ஒதுங்கினால் எடுத்து வையுங்கள் என்று கேட்டுக் கொண்டார்கள். 2018 நவம்பர் 30ஆம் தேதி, மடகாஸ்கரில் கிடைத்த ஐந்து உடைந்த துண்டுகளைப் போக்குவரத்து அமைச்சரிடம் கொண்டு வந்து கொடுத்தார்கள்.

அவர்கள் கேட்பதை நிறுத்தவில்லை. ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் நினைவு நாள் நடத்தினார்கள். பத்தாம் ஆண்டில், 2024 மார்ச் 3ஆம் தேதி, சுபாங் ஜெயாவில் கூடியபோதும் அவர்கள் வைத்த கோரிக்கை ஒன்றுதான்: மீண்டும் தேடுங்கள். 2025 மார்ச்சில், கண்டுபிடித்தால் 7 கோடி அமெரிக்க டாலர், இல்லையென்றால் கூலி இல்லை என்ற நிபந்தனையில் ஒரு தனியார் நிறுவனத்துக்கு அரசாங்கம் அனுமதி அளித்தது. ஏப்ரலில் நின்றுபோன அந்தத் தேடல், டிசம்பர் 30 முதல் மீண்டும் தொடங்கும் என்று அமைச்சு அறிவித்தது. பதினோரு ஆண்டுக்குப் பிறகும் ஒரு கப்பல் கடலுக்குப் போனதென்றால், அதற்கு அந்தக் குடும்பங்கள் விடாமல் கேட்டதும் ஒரு காரணம்.

விமானம் என்றால் உலகமே பார்க்கும். தனி ஒரு வீட்டுக்கு யார் வருவார்கள் என்று நீங்கள் கேட்கலாம். ஈப்போவைச் சேர்ந்த பாலர் பள்ளி ஆசிரியை எம். இந்திரா காந்தியை உங்களுக்குத் தெரியும். 2009ஆம் ஆண்டில் அவருடைய பதினொரு மாதக் கைக்குழந்தையை, மதம் மாறிய கணவர் எடுத்துச் சென்றுவிட்டார். தாயின் சம்மதம் இல்லாமல் பிள்ளைகளை மதம் மாற்றியது செல்லாது என்று 2018 ஜனவரி 29ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு கைக்கு வந்தது, மகள் வரவில்லை. 2025 நவம்பரில் அவர் கோலாலம்பூரில் புக்கிட் அமான் நோக்கி நீதி கேட்டு நடந்தபோது, அவருக்கு முன்னும் பின்னும் தொண்டர்கள் நடந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அவருக்கு உறவும் அல்ல, சொந்த ஊரும் அல்ல. ஆனாலும் ஒரு தாயைத் தனியே நடக்க விடக்கூடாது என்று வந்தவர்கள்.

இப்படிக் கேட்பதால் பிறருக்கும் பலன் உண்டு. 2007ஆம் ஆண்டில் கோலாலம்பூர் வங்சா மாஜுவில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி காணாமற் போய், பின்னர் உயிரற்ற உடலாகக் கிடைத்தாள். பிள்ளை காணாமற் போனதும் நாடு முழுவதும் செய்தி பரப்ப ஓர் ஏற்பாடு வேண்டும் என்று பொதுமக்கள் குரல் எழுப்பினார்கள். அதன் விளைவாக 2011இல் 'நூரின் அலர்ட்' என்ற எச்சரிக்கை முறை வந்தது. அந்தச் சிறுமியின் பெயரே அதில் நிலைத்திருக்கிறது.

சரி, நாம் என்ன செய்யலாம்? நாம் மடகாஸ்கர் போக வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுக்குப் போனால் போதும்.

முதலாவது, போலீஸ் ரிப்போர்ட். ஒருநாள் பொறுத்துப் பார்த்துத்தான் புகார் கொடுக்க வேண்டும் என்று பலர் நினைத்துக் கொண்டிருக்கிறார்கள். அது தவறு. 24 மணி நேரம் காத்திருக்கத் தேவையே இல்லை. எந்தப் போலீஸ் நிலையத்திலும் உடனே புகார் செய்யலாம். பதறிப்போன தாய்க்கு மலாயில் விளக்கிச் சொல்ல வராமல் போகலாம். நீங்கள் கூடப் போங்கள். அண்மையில் எடுத்த படம், அடையாளக் கார்டு எண், கடைசியாக உடுத்தியிருந்த துணி, உடலில் உள்ள மச்சம் அல்லது தழும்பு, சாப்பிடும் மருந்து ஆகியவற்றைத் தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். புகாரின் நகலைக் கேட்டு வாங்கி, விசாரிக்கும் அதிகாரியின் பெயரையும் குறித்துக் கொள்ளுங்கள்.

இரண்டாவது, ஒரு நோட்டுப் புத்தகம். யார் எப்போது என்ன சொன்னார்கள், எந்த அலுவலகத்துக்குப் போனோம், என்ன பதில் கிடைத்தது என்று தேதி போட்டு எழுதி வாருங்கள். இரண்டு ஆண்டு கழித்து வழக்கறிஞர் கேட்கும்போது கை கொடுப்பது அந்த நோட்டுதான்.

மூன்றாவது, வதந்தி. "பினாங்கில் பார்த்தார்களாம்" என்ற ஒரு சொல் அந்தக் குடும்பத்தைக் கடன் வாங்கிப் பஸ் ஏற வைத்துவிடும். உறுதியாகத் தெரிந்தால் போலீசிடம் சொல்லுங்கள். இல்லையென்றால் வாயைக் கட்டுங்கள். வெற்றிலையில் மை போட்டுப் பார்த்துச் சொல்கிறேன் என்று ஆயிரம் வெள்ளி கேட்பவனை அந்த வாசலை மிதிக்க விடாதீர்கள்.

நான்காவது, சட்டம். ஒருவரைப் பற்றி அவருடைய உறவினருக்கு ஏழு ஆண்டுகளாக எந்தத் தகவலும் இல்லையென்றால், அவர் இறந்ததாகக் கருத 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. சேமநிதி, காப்புறுதி, வீடு, நிலம் போன்றவற்றில் சிக்கல் வந்தால், நீதிமன்றத்தை நாட இது உதவும். வசதி இல்லாதவர்கள் அரசாங்கச் சட்ட உதவி அலுவலகத்தையோ, வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தையோ அணுகலாம். ஆனால் ஒன்று. அந்த மனுவைப் போடுவதா வேண்டாமா என்பது அந்தக் குடும்பத்தின் முடிவு. "இனி வரமாட்டான், காரியத்தை முடித்துவிடு" என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. பொட்டை அழிக்கச் சொல்லவும் நாம் யார்?

கடைசியாக, எல்லாவற்றிலும் எளியது. மறக்காமல் போய்ப் பாருங்கள். முதல் வாரத்தில் பத்துப் பேர் போவதைவிட, மூன்றாம் ஆண்டில் ஒருவர் போவது பெரிது. தீபாவளிக்குப் பலகாரம் கொண்டு போங்கள். காணாமற் போனவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். பெயரைச் சொன்னால் அழுவார்களே என்று அஞ்ச வேண்டாம். யாருமே சொல்லாமல் போவதுதான் அவர்களை அதிகமாக அழவைக்கிறது.

ஒரு காலத்தில் லயத்தில் ஒரு வீட்டில் பிள்ளை இருமினால் பத்து வீட்டுக்குக் கேட்கும். இன்று தோட்டங்கள் துண்டாடப்பட்டு, நம்மில் பலர் கிள்ளானிலும் பூச்சோங்கிலும் பிரிக்பீல்ட்ஸிலும் அடுக்குமாடி வீடுகளில் கதவைச் சாத்திக் கொண்டு வாழ்கிறோம். எதிர்வீட்டில் ஒருவர் மூன்று நாளாக வீடு திரும்பவில்லை என்பதுகூட நமக்குத் தெரியாமல் போகிறது. காணாமற் போனவரைக் கண்டுபிடிப்பது நம் கையில் இல்லாமல் இருக்கலாம். அவருக்காகக் காத்திருப்பவரும் நம் கண்ணிலிருந்து காணாமற் போய்விடாமல் பார்த்துக் கொள்வது நம் கையில்தான் இருக்கிறது.

உங்கள் வரிசையில், உங்கள் மாடியில் அப்படி ஒரு வீடு உண்டா? இந்த ஞாயிற்றுக்கிழமை அந்தக் கதவை ஒருமுறை தட்டுங்கள்.

மீண்டும் சந்திப்போம்.