ஊர் கூடி ஓட்டும் சைக்கிள்

பெரிய நகரம் ஒன்று பொதுச் சைக்கிள் திட்டம் நடத்துகிறது. அதை ஒட்டி ஒரு சிறிய நகரம் இருக்கிறது. அந்தத் திட்டத்தில் தானும் சேர்வதா, தனியே ஒன்று தொடங்குவதா, அல்லது சும்மா இருந்துவிடுவதா? அமெரிக்காவில் பாஸ்டனைச் சுற்றியுள்ள நகரசபைகள் ஒன்றன்பின் ஒன்றாக இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி வந்திருக்கின்றன. அந்தப் பதில்களில் மற்ற ஊர்களுக்கும் பாடம் இருக்கிறது.

வாடகை சைக்கிள் கடையை அறியாதவர் இல்லை. எந்தக் கடையில் எடுத்தோமோ அதே கடையில் விட வேண்டும். பொதுச் சைக்கிள் அப்படி அல்ல. தெருமுனை நிலையத்தில் எடுக்கலாம். போய்ச் சேர்ந்த இடத்து நிலையத்தில் பூட்டிவிட்டு நடையைக் கட்டலாம். காவல் காக்க வேண்டாம். பஞ்சர் ஒட்டவும் வேண்டாம். ஆனால் நிலையமே இல்லாத ஊருக்கு ஓட்டிப் போனால் எங்கே விடுவது? நிலையங்கள் எவ்வளவு தூரம் பரவியிருக்கின்றனவோ, அவ்வளவு தூரம்தான் திட்டத்தின் பயனும்.

ஆற்றுக்கு அக்கரை

பாஸ்டனில் 2011 ஜூலையில் திட்டம் தொடங்கியது. அப்போது சுமார் 600 சைக்கிள்கள்; சுமார் 60 நிலையங்கள். சார்லஸ் ஆற்றுக்கு அக்கரையில் இருப்பது கேம்பிரிட்ஜ் நகரம். ஹார்வர்டு பல்கலைக்கழகம் அங்கேதான். இக்கரையில் குடியிருந்து அக்கரையில் வேலை பார்ப்பவர்கள் ஏராளம். அவர்களுக்கு நகரசபை எல்லை என்பது வரைபடத்தில் உள்ள ஒரு கோடு, அவ்வளவுதான். 2012-இல் கேம்பிரிட்ஜ், சாமர்வில், புரூக்லைன் ஆகிய மூன்று ஊர்களும் திட்டத்தில் சேர்ந்தன. நிர்வாகம் வேறு வேறு, சந்தா ஒன்றே. இது புத்திசாலித்தனமான முடிவு.

இனாம் சைக்கிள்

வேறு சில ஊர்கள் வேறு வழியைப் பார்த்தன. 2018-இல் சில தனியார் கம்பெனிகள் வந்தன. “நிலையம் கட்ட வேண்டாம், நகரசபை காலணா கொடுக்க வேண்டாம், நாங்களே சைக்கிள் விடுகிறோம்” என்றன. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பதில்லை என்பார்கள். அது தனி மனிதருக்குச் சரி. ஊரார் காரியத்தைப் பார்க்கும் நகரசபை பல்லைப் பிடித்துப் பார்த்தே தீர வேண்டும்.

நடந்தது என்ன? கம்பெனிகளின் நாட்டம் மின்சார ஸ்கூட்டர் பக்கம் திரும்பியது. இனாமாக வந்த சைக்கிள்கள், வந்த வழியே போய்விட்டன. அவற்றை நம்பியிருந்த ஊர்களில் ஆர்லிங்டன், செல்சி, நியூட்டன், ரெவியர், வாட்டர்டவுன் ஆகிய ஐந்தும் 2020-இல் கூட்டுத் திட்டத்துக்கு வந்து சேர்ந்தன.

பணம் எங்கே?

ஆட்சேபிப்பவர்கள் கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு நிலையம் அமைக்கப் பல்லாயிரம் டாலர் செலவாகும். “அந்தப் பணத்தில் ரோடு போடலாமே” என்கிறார்கள். போடலாம். ஆனால் ரயிலை விட்டு இறங்கி ஒன்றிரண்டு மைல் நடந்து வீடு சேரும் தொழிலாளிக்கு அந்த ரோடு மட்டும் போதாது. கார் வாங்க வசதி இல்லாதவரும் வரி கொடுக்கிறார். அவருக்கும் நகரசபை ஏதாவது செய்ய வேண்டாமா?

ஆகவே சேர்வதே நல்லது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடக் கூடாது.

முதலாவது, சைக்கிளும் நிலையமும் நகரசபையின் சொத்தாக இருக்க வேண்டும். பாஸ்டன் வட்டாரத்தில் அப்படித்தான்; கம்பெனிக்கு நடத்தும் வேலை மட்டுமே. 2014 ஜனவரியில், சைக்கிள்களைத் தயாரித்துக் கொடுத்த மான்ட்ரியல் கம்பெனி கடன் சுமை தாங்காமல் திவால் சட்டத்தின் பாதுகாப்பைக் கோரியது. ஆனாலும் அந்த ஆண்டு பாஸ்டனில் சைக்கிள்கள் ஓடின.

இரண்டாவது, நிலையங்கள் கடைவீதிக்கும் கல்லூரிக்கும் மட்டும் என்று ஆகிவிடக் கூடாது. ஏழைகள் குடியிருக்கும் தெருக்களுக்கும் வர வேண்டும். அவர்களுக்குக் கட்டணமும் குறைவாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, ஒப்பந்தம் கறாராக இருக்க வேண்டும். காலையில் எல்லோரும் ஒரே திசையில் போவார்கள். ஒரு நிலையம் காலியாகும். இன்னொன்றில் விட இடம் இருக்காது. வண்டியில் ஏற்றிச் சென்று அவற்றைச் சரிப்படுத்துவது யார் பொறுப்பு, தவறினால் அபராதம் என்ன என்பதை முன்கூட்டியே எழுதிவிட வேண்டும். பாரிஸ் நகரமும் அதன் சுற்றூர்களும் 2018 ஜனவரியில் புதிய கம்பெனியிடம் திட்டத்தை ஒப்படைத்தன. முதல் நாளில் நூறு நிலையங்கள்கூடத் தயாராக இல்லை. பல நிலையங்களுக்கு மின்சாரம் வரவில்லை. சந்தா கட்டியவர்கள் மாதக்கணக்கில் அவதிப்பட்டார்கள்.

ஊர் கூடி இழுத்தால்தான் தேர் நகரும். பக்கத்து ஊர் வடத்தைப் பிடித்து நிற்கும்போது, கை கட்டி வேடிக்கை பார்ப்பது நகரசபைக்கு அழகல்ல. தேரின் அச்சாணி சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, தானும் ஒரு கை கொடுக்கட்டும்.